இரண்டாவது குடுவை

இன்னொரு தடவை அந்த ஊசிக்குப் படுக்க மாட்டேன் என்று தேன்மொழி மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிட்டாள். டாக்சிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி மாதம், மதியமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. அவள் சால்வையை வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். கணவன் ராஜவேல் தலையாட்டினான். பக்கத்தில் நின்ற ஜோதிலிங்கமும் தலையாட்டினான். அவள் ஒன்று சொல்லிவிட்டால் அதை மாற்ற ஆளில்லை. அவளுடைய அக்காவும் அதே ரகம்தான்.

அக்கா கனிமொழி ஜோதிலிங்கத்தின் மனைவி. போன வருடத்துக்கு முந்திய வருடம் அக்டோபரில், டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்கப்புறம் அவன் டெல்லி முனிர்காவில் வாடகை வீட்டிலிருந்து வேலைக்குப் போனான், வந்தான். யார் கேட்டாலும் நன்றாக இருப்பதாகச் சொன்னான். அது முழுப் பொய்யும் இல்லை. பல் டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவனுக்கு வலி தெரியாது. அதே வாயில் காபியை ஊற்றினால் சூடும் தெரியாது, ருசியும் தெரியாது. ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தான்.

தேன்மொழிக்கு இது முதல் குழந்தை. நான்காவது மாதம். ரத்தப் பரிசோதனையில், குழந்தைக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்று வந்திருந்தது. வாய்ப்புதான், உறுதி இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து, அதில் மிதக்கும் குழந்தையின் செல்களை வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் பிடித்து, குரோமோசோம்களை எண்ண வேண்டும். அந்த வேலையைத்தான் ஜோதிலிங்கம் கல்லூரி முடித்ததிலிருந்து கிரீன் பார்க்கில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் செய்துகொண்டிருந்தான். வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். தேன்மொழி கேட்கவில்லை. தெரிந்த கையில் இருந்தால் எனக்குத் தூக்கமாவது வரும் என்றாள்.

கூடத்தின் தலைவர் டாக்டர் பல்லா, அறுபதை நெருங்கும் பஞ்சாபி அம்மாள். அவருக்குக் கீழே நீலம், ஜோதிலிங்கம் என்று இரண்டு பேர். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் வேலையைப் பங்கிட்டுவிட்டார். செல்களை வளர்ப்பது ஜோதிலிங்கம். எண்ணுவது நீலமும் அவரும். தன் வீட்டு ஆளுடைய குரோமோசோமைத் தானே எண்ணக் கூடாது, ஆசைப்பட்ட எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

வந்த நீரில் லேசாக ரத்தம் கலந்திருந்தது. ஊசி போகும் வழியில் அப்படி ஆவதுண்டு. தாயின் ரத்தம் சேர்ந்துவிட்டால், இரண்டொரு நாளில் முடிவு சொல்லும் விரைவுச் சோதனையை நம்ப முடியாது. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜோதிலிங்கம் நீரைச் சுழல விட்டு, அடியில் தங்கிய செல்களை இரண்டாகப் பிரித்து, இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தோடு இரண்டு தட்டைக் குடுவைகளில் விட்டான். ஒன்றின் மேல் ஏ என்றும் மற்றதன் மேல் பி என்றும் எழுதினான். ஏ அவன் அறையிலிருந்த வெப்பப் பெட்டிக்குள் போனது. பி அடுத்த அறையில், நீலத்தின் பெட்டிக்குள். எப்போதும் அப்படித்தான். ஒரு பெட்டி பழுதானாலும் ஒன்று மிஞ்சும்.

அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. குடுவைக்குள் விழுந்த செல் முதலில் மிதக்கும். பிறகு தரையைத் தேடி இறங்கும். ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கால் பரப்பும். கால் ஊன்றிய பிறகுதான் பிரிகிற யோசனையே அதற்கு வரும். இதற்கெல்லாம் ஒரு வாரம் போல ஆகும். அதுவரை குடுவையை எடுக்கக் கூடாது, அசைக்கக் கூடாது, குளிரில் காட்டக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்கள் ஆர்வம் தாங்காமல் எடுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே ஜோதிலிங்கம் பெட்டிக் கதவில் இந்தியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான். திறக்காதே, உள்ளே தூங்குகிறார்கள் என்று. வாசகம் கனிமொழியுடையது.

மறுநாள் காலை அவன் அந்தக் கதவைத் திறந்தான்.

ஈரப்பதத்துக்காக வைத்திருக்கும் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. அடுத்த நாள் குடுவையைக் கையில் எடுத்தான். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். சாம்பல் புள்ளிகள் மிதந்தன. திரும்ப வைத்தான். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. காலையில் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்கு முன்பே கை கதவுக்குப் போயிற்று. சில நாள் மாலையிலும். செய்வது தவறு என்று நன்றாகத் தெரியும். யாரோ ஒருவன் செய்வதைத் தள்ளி நின்று பார்ப்பவன்போலத் தன் கையையே பார்த்துக்கொண்டு செய்தான். பி-யை மட்டும் தொடவில்லை. நல்லெண்ணம் ஒன்றும் காரணமில்லை. அடுத்த அறையில் நீலம் இருந்தாள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

முறைப்படி பார்க்க வேண்டிய நாள் வந்தபோது ஏ குடுவையின் தரை வெறுமையாக இருந்தது. பிடித்து நின்ற செல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுருங்கி, ஓரம் கறுத்து, மிதந்தன.

அவன் நேராக டாக்டரின் அறைக்குப் போய், தினமும் எடுத்துப் பார்த்ததைச் சொன்னான். இதை ஒரு பயிற்சி மாணவன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டார். வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன் என்றான். சரி, நீ வீட்டுக்குப் போனால் அங்கே என்ன செய்வாய் என்று கேட்டார். ரத்தம் கலந்த நீர் மெதுவாகத்தான் எழும்பும், பி இன்னும் சில நாள் கிடக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்றார். குறிப்பாக நீ அந்த அறைக்குள் காலெடுத்து வைக்காதே என்றார்.

பி-யும் போய்விட்டால் இன்னொரு ஊசி. அதற்குத் தேன்மொழி படுக்க மாட்டாள். பிரசவம் வரைக்கும் என்ன ஏது என்று தெரியாமலே நாளை ஓட்டுவாள். நம்பி ஒப்படைத்த கைதான் அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துவாரகாவில் தேன்மொழி வீட்டுக்குப் போனான். கனிமொழி போனபிறகு அந்த வீட்டுக்கு அபூர்வமாகத்தான் போனான். போனாலும் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே கண் இருக்கும். ராஜவேலுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, அன்று பகல் ஷிப்ட். தேன்மொழி பால்கனி வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தான். ஒங்களுக்குத் தெரிஞ்ச வேல இல்ல. பரவால்ல, உக்காந்து உரிங்க."

உட்கார்ந்தான். ஒரு கை நிறைய உரித்தான். பிறகு சொன்னான். ஏ செத்துப்போனதை, தான்தான் அதைக் கெடுத்ததை, பி ஒன்றுதான் மிச்சம் என்பதை. சுற்றி வளைக்கவில்லை. அவனுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது.

தேன்மொழியின் கை நின்றது. பிறகு தோலைக் கிண்ணத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டாள்.

"பாத்ததுக்கா செத்துச்சு?"

"எடுத்து எடுத்துப் பாத்ததுக்கு."

"நீங்க தோசையையும் அப்படித்தான். வேகுமுன்ன நாலு தடவ பொரட்டுவீய."

சொன்னாளே தவிர அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கீழே பூங்காவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் கூச்சல் கேட்டது. அவள் குப்பையில் விழுந்த பட்டாணியைப் பொறுக்கித் துடைத்துக் கிண்ணத்தில் போட்டாள். அந்த டப்பாவுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றாள். பள்ளியில் படித்தபோது நாலு வட்டம் வரைந்து, பேர் எழுதி, முழு மார்க் வாங்கியது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வட்டத்துக்குள் என்ன இருந்தது என்பது போய்விட்டது.

ஜோதிலிங்கம் யோசித்தான். அவன் வந்து இறங்கிய மெட்ரோதான் கைக்கு அகப்பட்டது. துவாரகாவிலிருந்து போகிற ப்ளூ லைன் யமுனா பேங்க்கில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வண்டி நொய்டாவுக்கு, ஒரு வண்டி வைஷாலிக்கு. ஒரு செல்லை அந்த ஸ்டேஷன் என்று வைத்துக்கொள் என்றான். உள்ளே நாற்பத்தாறு பயணிகள், அவர்கள்தான் குரோமோசோம்கள். சாதாரண நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. கலைந்துபோன நூல்கண்டு மாதிரி ஒருவருக்குள் ஒருவர் சிக்கிக் கிடப்பார்கள். பிரிய வேண்டிய வேளை நெருங்கும்போது ஒவ்வொருவரும் தன்னைப்போலவே இன்னோர் ஆளை உண்டாக்கிக்கொள்வார்கள்.

"ப்ளூ லைன்ல இருக்க கூட்டம் போதாதாக்கும்."

அந்த இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவன் தொடர்ந்தான். கலைந்து கிடந்ததெல்லாம் சுருண்டு தடித்து, ஆள் ஆளாகத் தெரிய ஆரம்பிக்கும். அது புரோஃபேஸ். பிறகு எல்லா ஜோடிகளும் பிளாட்பாரத்தின் நடுவில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அது மெட்டாஃபேஸ். இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு வந்து ஒவ்வோர் ஆளையும் பிடிக்கும். கடைசி ஜோடிக்கும் கயிறு மாட்டுகிறவரை யாரும் நகர மாட்டார்கள். மாட்டியதும் எல்லா ஜோடியும் ஒரே சமயத்தில் கையை விடும். ஒருவர் நொய்டா பக்கம், ஒருவர் வைஷாலி பக்கம். அனாஃபேஸ். மொத்த நாடகத்தில் சீக்கிரம் முடிகிற காட்சி அதுதான். இரண்டு கூட்டமும் வண்டி ஏறியதும் கதவு மூடும். ஸ்டேஷன் இடுப்பு சிறுத்துச் சிறுத்து இரண்டு ஸ்டேஷனாகும். டீலோஃபேஸ். இரண்டிலும் அதே நாற்பத்தாறு பேர்.

இவ்வளவு நீளமாக அவன் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. தேன்மொழி பட்டாணியை மறந்துவிட்டிருந்தாள்.

"அப்ப எம் பிள்ளைக்கு இருக்கும்னு சந்தேகப்படுதாங்களே, அது என்னது?"

"சில நேரம் ஒரு ஜோடி கைய விடாது. ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறிருவாங்க. முட்டை உருவாகும்போதே அப்படி நடந்திருந்தா, பிள்ளைக்கு ஒண்ணு கூடிரும்."

அவள் எதிர்ப் பால்கனியில் காய்ந்த துணிகளைப் பார்த்தாள்.

"கைய விடாதது ஒரு தப்பா அத்தான்?"

"அங்க தப்பு."

அப்படி இருந்தால் என்ன செய்வது என்று தனக்கே தெரியவில்லை என்றாள். ராஜவேலும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் எதற்கு மனதைத் தயார் செய்வது என்றாவது புரியும். அப்புறம் நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் எடுத்துப் பாத்தீய?"

அவனுக்குக் கனிமொழியின் கட்டில் ஞாபகம் வந்தது. காலையும் மாலையும் நர்ஸ் வந்து சொல்கிற பிளேட்லெட் கணக்கு. அது இறங்க இறங்க அவன் இன்னும் அதிகமாகக் கேட்டான். "பாக்காம இருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான்.

தேன்மொழி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"அக்காவயும் இப்படித்தான் பண்ணுனீய. ஆஸ்பத்திரியில சேத்த மறுநாள் நான் கூட இருந்தேம்லா, அப்ப என்ட்ட சொன்னா. 'ஒங்க அத்தான் கண்ண மூட விடமாட்டேங்காவ. எழுப்பி எழுப்பி எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு கேக்காவ. நீ அவியள கேன்டீனுக்கு இழுத்துட்டுப் போயி எதாச்சும் வாங்கிக் குடு, நான் கொஞ்சம் தூங்குதேன்'ன்னு."

"என்கிட்ட சொல்லவே இல்லயே."

"ஒங்கள்ட்ட சொல்லுவாளா அவ? சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. நீங்க பிரெட் பகோடா ரெண்டு தின்னீய. நாங்க திரும்பி வாரப்ப நல்லா தூங்கிக்கிட்டு இருந்தா."

பிரெட் பகோடா அவனுக்கு நினைவிருந்தது. தேன்மொழிக்குப் பசிக்கிறது போல என்று எண்ணித்தான் அன்று கூடப் போனான். அனுப்பியது கனிமொழி என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் இறந்த பிறகு அவளைப் பற்றிப் புதிதாக எதுவும் அவனுக்கு வந்து சேர்ந்ததில்லை. இருந்த நாலைந்து நினைவுகளையே புரட்டிப் புரட்டி ஓரம் தேய்த்து வைத்திருந்தான். இது அவன் அறியாதது. கணவனைச் சமாளிக்கத் தங்கையோடு சேர்ந்து சதி செய்து, காரியம் நடந்ததும் நிம்மதியாகத் தூங்கிய கனிமொழி. மரத்துக் கிடந்த இடத்தில் அவனுக்கு வலித்தது. நாளாயிற்று, ஏதோ ஒன்று வலித்து.

கண்ணில் வெயில் அடிக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. தேன்மொழி அதைச் சுட்டிக்காட்டவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவன் கிளம்பும்போது ஓர் ஏற்பாடு சொன்னாள். காலையில் லேபுக்குள் நுழைந்ததும் அந்த இன்னொரு அறைப் பக்கம் போகத் தோன்றினால் உடனே அவளுக்குப் போன் செய்ய வேண்டும்.

"தோணலைன்னா?"

"தோணும்."

தோன்றியது. ஒவ்வொரு காலையும் தோன்றியது. அவனும் கூப்பிட்டான். முதல் நாள் பேசுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளே பேசினாள். குடுவை குடுவை என்று அவள் சொல்வதைக் கேட்டு, டீ ஊற்றி வைக்கிற ஃப்ளாஸ்க்கில்தான் பிள்ளையின் செல் இருக்கிறது என்று ராஜவேல் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம். மேல் வீட்டு ஆன்ட்டி தினமும் ஒரு கிண்ணம் கேரட் அல்வா அனுப்புகிறாளாம், பிடிக்கவில்லை என்று சொல்ல இந்தியில் மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லையாம். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டு வயிற்றைக் காட்டச் சொல்கிறாளாம். அவன் ம் என்றான். அடுத்தடுத்த நாளில் அவனும் ஒன்றிரண்டு கேட்டான். அல்வா என்ன ஆயிற்று என்று கேட்டான். கூப்பிடுவது அறைக்குள் போகாமல் இருப்பதற்கா, இல்லை அல்வாவின் கதையைத் தெரிந்துகொள்வதற்கா என்று அவனுக்கே குழம்பியது.

ஒருநாள் அவள் முந்திக்கொண்டாள். அவன் அப்போதுதான் மெட்ரோவில் ஏறியிருந்தான்.

"அத்தான், இன்னைக்கு எனக்குத் தோணுது. ஆட்டோ பிடிச்சு வந்து கதவத் தொறந்து பாத்துருவேன் போல."

தாங்க முடியாத நெரிசல். அவன் கதவோரம் ஒடுங்கி நின்றபடி, அவள் அமைதியாகும்வரை பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று பிறகு நினைவில்லை. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டிருந்தான்.

பி குடுவையை நீலம்தான் முதலில் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அவன் அறை வாசலில் வந்து நின்று, ஒட்டிக்கொண்டுவிட்டது என்று இந்தியில் ஒரே சொல்லில் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டான். கூட்டம் கூட்டமாக என்றாள். நடுநடுவே உருண்டைகளும் தெரிகின்றன என்றாள். அந்த உருண்டை என்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். பிரியப் போகிற செல் பரப்பிய காலை மடக்கிக்கொண்டு, உருண்டு, முத்துப்போல மினுங்கும். யாரும் எடுக்காமல், யாரும் அசைக்காமல், அந்த இருட்டுப் பெட்டிக்குள் அவை தம் வேலையைச் செய்திருந்தன. எழுந்து அந்த அறைக்குப் போக அவன் கால் பரபரத்தது. போகவில்லை. போனை எடுத்தான்.

இன்னும் இரண்டு நாள் வளர விட்டார்கள். பிறகு பிடிக்கிற நாள் வந்தது. குரோமோசோம்கள் தெளிவாகத் தெரிவது அவை நடு வரிசையில் நிற்கும்போதுதான். அதனால் கயிறுகளைச் செயலிழக்கச் செய்கிற மருந்தை விடுவார்கள். இழுக்க ஆளில்லாமல் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அன்று காலைப் பேச்சில் தேன்மொழிக்கு அவன் இதையும் சொன்னான்.

"நிறுத்துனது அப்புறம் முடிக்காதா?"

"முடிக்காது. கண்ணாடியில ஒட்டிக்கிடும்."

"பாவம்."

"நாம பாக்கணும்னு நிறுத்துனதுதான் முடிக்காது தேனு. பாக்காதது முடிச்சிரும். ஒன் வயித்துல இப்ப எத்தனையோ முடிச்சிக்கிட்டு இருக்கு. ஒருத்தரும் பாக்கல."

சரி என்றாள்.

செல்களை உப்பு நீரில் ஊதவைத்து, அமிலத்தில் கழுவி, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடித் தகட்டின் மேல் உயரத்திலிருந்து விட வேண்டும். விழுகிற வேகத்தில் செல் வெடித்து குரோமோசோம்கள் விரியும். ஹீட்டர் உலர்த்திய காற்றில் அது சரியாக விரியாது. நீலம் போட்ட முதல் தகடுகளில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. டாக்டர் ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டார். எண்ணத்தான் கூடாது, சொட்டு விடலாம் என்றார். அவன் ஹீட்டரை அணைத்தான். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஆவி பரவுகிற இடத்தில் தகட்டைச் சாய்த்துப் பிடித்தான். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினான். ஒரு சொட்டு. வாயால் மெல்ல ஊதினான். இன்னொரு சொட்டு. முடித்துவிட்டு, எதையும் பார்க்காமல் வெளியே வந்தான்.

சாயம் ஏற்றி அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் மறுநாள் மதியமாகிவிட்டது. அவன் கீழே தெருமுனை டீக்கடையில் நின்றான். இரண்டாவது டீயைக் குடித்தபோது அதில் இஞ்சி அதிகம் என்று தோன்றியது. அந்தக் கடையில்தான் இத்தனை மாதமாகக் குடிக்கிறான். இஞ்சி போடுகிறார்கள் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. போன் அடித்தது. மேலே வா என்றார் டாக்டர்.

அவர் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நீலம் ஜன்னலோரம் நின்றாள். எண்ணிய ஒவ்வொரு செல்லிலும் நாற்பத்தாறு. கூடுதலும் இல்லை, குறையும் இல்லை, முறிவும் இல்லை. இருவரும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, ஒப்பிட்டாகிவிட்டது. டாக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அப் தேக் லோ."

இப்போது பார்த்துக்கொள் என்றார். அவன் குனிந்தான்.

கறுப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட சின்னச் சின்ன உருவங்கள், ஒன்றோடு ஒன்று முட்டாமல் விரிந்து கிடந்தன. அவன் இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்தவன். ஆனாலும் பெரியதிலிருந்து சிறியதுவரை ஒவ்வொன்றாகத் தேடிப் போனான். பயந்துகொண்டிருந்த அந்தக் குட்டிக் குரோமோசோமுக்கு வந்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவது இல்லை. மறுபடி எண்ணினான். இரண்டுதான். கண்ணை எடுக்காமல் கடைசி ஜோடிக்கும் போனான். பழக்கம்தான். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது அங்கே தெரிந்துவிட்டது.

அதை வெளியே சொல்வது குற்றம். அறிக்கையிலும் அந்த வரி இருக்காது. இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேருடைய அந்தச் செய்தி ஜோதிலிங்கத்தின் கண்ணைக் கடந்து போயிருக்கிறது. ஒன்றும் மனதில் தங்கியதில்லை. இது தங்கியது. சட்டைப் பைக்குள் ஓர் உயிருள்ள பொருளைப் போட்டுக்கொண்டவன்போல நிமிர்ந்தான். டாக்டர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அவன் தலையாட்டினான்.

தேன்மொழி முதல் மணியிலேயே எடுத்தாள். அவன் நாற்பத்தாறு என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ராஜவேல் என்ன என்ன என்று கேட்பதும் கேட்டது.

"நல்லா எண்ணுனாங்களா? அந்த பல்லாம்மா கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"நீங்க பாத்தீயளா?"

"கடைசியில பாத்தேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ராஜவேல் போனைப் பிடுங்கி, நன்றி சொல்லத் தெரியாமல் ஏதேதோ சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அது பையனா பொண்ணா என்று லேசாக ஒரு கோடு காட்ட முடியுமா என்று இழுத்தான். அத்தானை ஜெயிலுக்கு அனுப்பவா பார்க்கிறீர்கள் என்று தேன்மொழி பின்னாலிருந்து அதட்டினாள். ஜோதிலிங்கம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

அன்று டாக்டர் அவனைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். முனிர்கா கடைத்தெருவில் வெளிச்சம் மங்குமுன் வந்து சேர்ந்தான். குழந்தைத் துணி விற்கும் ஒரு கடை முன்னால் கம்பளித் தொப்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நின்றான். கடைக்காரர் பையனுக்கா பெண்ணுக்கா என்று கேட்டார். தெரிந்த ஒருவன் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ஜோதிலிங்கம் எதிர்பார்த்திருக்கவில்லை. தெரியாது என்றான். இன்னும் பிறக்கவில்லை என்றான்.

எப்போது பிறக்கும் என்று கேட்டார். ஜூன், ஜூலை என்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஜூன் மாத டெல்லியில் கம்பளித் தொப்பி போட்டால் குழந்தை வெந்துவிடும், காட்டன் ஜபலாச் சட்டை எடுத்துப் போடட்டுமா என்றார். ஜோதிலிங்கம் வேண்டாம் என்றான். இது அடுத்த குளிருக்கு என்றான். சொன்ன பிறகுதான், அடுத்த குளிர் என்று ஒன்று வரும் என்பதைத் தான் சொல்லியிருப்பது அவனுக்கே உறைத்தது.

அச்சா, அப்படியானால் பெரிய அளவு வேண்டும், அதற்குள் ஆறு மாதக் குழந்தையாகியிருக்குமே என்றார் கடைக்காரர். மஞ்சள் நிறத்தில் இரண்டு மூன்று தொப்பிகளை எடுத்துப் போட்டு, தலை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

ஜோதிலிங்கம் இரண்டு கைகளையும் தூக்கி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்தான். போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அகற்றினான்.